முதல் வரியில் இருந்த தீர்ப்பு

காலை ஒன்பது மணி பதினெட்டு நிமிடம். கதவு திறந்ததும் நான் முதலில் பார்த்தது ஜெசிந்தாவின் கால்களை. இடது காலில் தெருவுக்குப் போடும் கறுப்புச் சப்பாத்து. வலது காலில் வீட்டுக்குள் போடும் நீலச் செருப்பு. வெளியே மழை. செருப்புப் போட்ட கால் கணுக்கால் வரை நனைந்திருந்தது.

எங்கள் உதவி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். கொரியத் தேடுகருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எந்தப் பெட்டியில் என்ன எழுதவேண்டும், எதை அழுத்தவேண்டும் என்பதை டிலானி அரை மணி நேரத்தில் காட்டிவிடுவாள். அதை இங்கே கொண்டுவந்தவளே அவள்தான். நான் எழுதக்கூடியது வேறு. அந்தக் கருவியை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை நான் என்ன செய்தேன், அடுத்த ஆறு நாட்கள் என்ன செய்யாமல் இருந்தேன் என்பது மட்டும்தான்.

பலேர்மோவில் வியா மக்வேதா தெருவிலிருந்து இரண்டு சந்து உள்ளே, கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தை ஒட்டிய அந்த அறை உங்களுக்குத் தெரியும். அங்கே இருபத்திரண்டு வருடம் இருந்தேன். வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கும் படிவங்களை நிரப்புவது, அதற்குக் குவெஸ்துராப் பொலிஸ் அலுவலகத்தில் நேரம் எடுத்துக் கொடுப்பது, மறுத்துவிட்டார்கள் என்றால் மேன்முறையீட்டுக்கான தாள்களை அடுக்கி வக்கீலிடம் சேர்ப்பது. அதற்கு முன்னர் ஒன்பது வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் செய்தி திருத்தும் வேலை. இரண்டையும் சேர்த்து எனக்குப் 'பேப்பர் அண்ணை' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை நான் விரும்பினேன். நடந்ததில் அந்த விருப்பத்துக்கும் பங்கு உண்டு.

கருவியைப் பற்றி ஒரு பத்தி சொல்லியாக வேண்டும். கொரியாவில் ஓர் அரச அலுவலகத்தின் முடிவு பிழை என்று நினைப்பவர் அதை எதிர்த்து மேன்முறையீடு செய்யலாம். ஒரு குழு ஆராய்ந்து தீர்ப்பு எழுதும். அந்தத் தீர்ப்புகள் பொதுவில் கிடக்கின்றன, கொரிய மொழியில். முகம் தெரியாத ஒருவர் அவற்றுக்குள் தேடுவதற்கு ஒரு கருவி எழுதி, விரும்பியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் விட்டிருந்தார். டிலானி பகலில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்பவள். அவள் அதை எங்கள் கணினியில் நிறுவி, மொழிபெயர்ப்பையும் அதனுடன் இணைத்தாள். கேள்வியை இத்தாலிய மொழியில் எழுதினால், பொருந்தும் தீர்ப்பைத் தேடி, அதில் பொருந்தும் பத்தியை மட்டும் இத்தாலிய மொழியில் காட்டும். பத்தியின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி: முழு ஆவணத்தைத் திறக்க. திரையின் ஓரத்தில் டிலானி ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளும் ஒட்டியிருந்தாள். 'முழுசாத் திறந்து பாருங்கோ' என்று அதில் எழுதியிருந்தது. அதை நான் தினமும் பார்த்தேன்.

பலேர்மோவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொரியா எதற்கு என்று கேட்கமாட்டீர்கள். இங்கே வீட்டுவேலை செய்யும் மன்னார்ப் பெண்களில் எத்தனை பேருக்குத் தம்பியோ மைத்துனனோ கொரியத் தொழிற்சாலையில் இருக்கிறான் என்பது உங்களுக்கும் தெரியும். அவர்களுக்கு அங்கே தாள் ஒன்று வந்தால் இங்கே கேள்வி வரும். அந்தக் குளிர்காலத்தில் நான்கைந்து கேள்விகளுக்கு அந்தக் கருவியைப் பார்த்துப் பதில் சொன்னேன். எல்லாம் சின்ன விடயங்கள், எல்லாம் சரியாகவே முடிந்தன. பூசை முடிந்து படியில் இறங்கும்போது ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "பேப்பர் அண்ணை இப்ப கொரியாவையும் பாக்கிறார்." நான் ஓய்வுபெற இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

ஜெசிந்தாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. வியா ரோமாவுக்கு அருகே, நான்காம் மாடியில், எண்பத்தெட்டு வயதுச் சிஞ்ஞோரா ஒருவரைப் பார்த்துக்கொள்கிறாள். தம்பி அன்ரன் கொரியாவில் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவன். முதல் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் மூன்று மாதத்துக்குள் அடுத்த வேலையிடம் பதிவாக வேண்டும் என்பது அங்கே விதி. அன்ரன் வேலையைக் கண்டுபிடித்துவிட்டான். புதிய முதலாளி தாளைத் தாமதமாகக் கொடுத்தார். ஒன்பது நாள் பிந்திவிட்டது. குடிவரவு அலுவலகம், வரும் புதன்கிழமைக்குள் நாட்டைவிட்டுப் போ என்று உத்தரவு கொடுத்தது. அந்த நாளுக்குள் தானாகப் போனால் தடை இல்லை, மறுபடி விண்ணப்பித்து வரலாம். உத்தரவை மீறினால் வெளியேற்றுவார்கள், தடையும் விழும். மேன்முறையீடு செய்யலாம், ஆனால் அதற்காகப் புதன்கிழமை தள்ளிப்போகாது.

இவ்வளவையும் அவள் நின்றபடியே, மூன்று நிமிடத்தில் சொன்னாள். கையில் சிஞ்ஞோரா வீட்டுச் சாவிக்கொத்து. கட்டடக் காவலாளியின் மனைவியை அரை மணி நேரம் மேலே இருக்கச் சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தாள். கைத்தொலைபேசியை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினாள்.

"அன்ரன், அண்ணைக்குப் பக்கத்திலைதான் நிக்கிறன். நீயே சொல்லு."

"வணக்கம் அண்ணை. ரிக்கற் எடுக்கிற இடத்து வாசல்லை நிக்கிறன். ஞாயிற்றுக்கிழமைப் பிளேனுக்கு ஒரு இடம் பிடிச்சு வச்சிருக்கினம். ஆறு மணிக்குப் பூட்டிப்போடுவாங்கள். அதுக்குள்ளை ஓம் எண்டு சொல்லாட்டி இடம் போயிடும்."

கொரியாவில் ஆறு மணி என்றால் எங்களுக்குப் பத்து. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது இருபத்திமூன்று.

"நீ என்ன யோசிக்கிறாய் தம்பி?"

"போவம் எண்டுதான் அண்ணை. இஞ்சை உதவி நிலையத்திலை ஒரு அம்மா இருக்கிறா. அவவும் போ எண்டுதான் சொன்னவ. போனால் பேந்து வரலாம் எண்டு."

"உனக்கு எப்பவும் அவசரம்," என்றாள் ஜெசிந்தா. "மணி அடிக்க முன்னம் பள்ளிக்கூடத்தாலை ஓடி வந்தவன்தானே நீ. அண்ணை ஒருக்காப் பாக்கட்டும்."

"அக்கா, நான் ஓடினது ஒரே ஒரு நாள். நீ முப்பது வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்."

நான் சிரித்தேன். கேள்வியை எழுதினேன்: புதிய வேலையிடப் பதிவு, முதலாளியால் தாமதம், வெளியேறும் உத்தரவு. நான்கு பதில்கள் வந்தன. இரண்டாவது அன்ரனைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. அதே வகை வேலை. அதே மூன்று மாதம். தாமதம் பதினொரு நாள். காரணம் புதிய முதலாளி. பத்தி இப்படி முடிந்தது: 'தாமதத்துக்குத் தொழிலாளி பொறுப்பல்ல. ஆகவே இந்த உத்தரவு நியாயமற்றது, அது ரத்துச் செய்யப்படவேண்டும்.'

அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தேன்.

இத்தாலியத் தீர்ப்புகளை நீங்களும் இனிப் பார்க்கப்போகிறீர்கள். அவற்றில் முடிவு கடைசியில் இருக்கும். பக்கம் பக்கமாகக் காரணங்கள், பிறகு கடைசித் தாளில் நான்கு வரி. இருபத்திரண்டு வருடமாக ஒரு தீர்ப்பு கைக்கு வந்தால் நான் செய்யும் முதல் வேலை அதைப் பின்பக்கமாகத் திருப்புவது. அழுகிற மனிதர்கள் எதிரே இருக்கும்போது அந்த நான்கு வரியை மட்டும் வாசித்துச் சொல்லிவிட்டு, மற்றதைப் பிறகு வாசிப்பேன். அது இந்த மேசையின் பழக்கம். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். அன்றும் என் கண் தானாகவே அடிக்குப் போனது. அடியில் 'ரத்துச் செய்யப்படவேண்டும்' என்று இருந்தது. முழு ஆவணத்தை நான் திறக்கவில்லை. நேரம் இல்லாமல் அல்ல. கடிகாரத்தில் ஒன்பது நாற்பத்தொன்று. பத்தொன்பது நிமிடம் இருந்தது.

"தம்பி, போகாதை, நில்லு," என்றேன். "உன்ரை மாதிரியே ஒரு கேஸ் இருக்கு. அச்சு அசல். வெண்டிருக்கு."

"தேதி நிக்காது எண்டு சொன்னவை அண்ணை. அப்பீல் போட்டாலும் புதன் எண்டால் புதன்தானாம்."

"வெல்லுற கேசுக்கு நீ ஏன் தேதியைப் பற்றி யோசிக்கிறாய்?"

இந்த வாக்கியத்தை நான் ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதுகிறேன். மறக்க முடிந்திருந்தால் மறந்திருப்பேன்.

 "சரி அண்ணை. நீங்கள் சொன்னாச் சரி," என்றான்.

ஜெசிந்தா கதிரையில் இருந்தாள். அப்போதுதான் தன் கால்களைப் பார்த்தாள். "ஐயோ மாதாவே, இது சிஞ்ஞோராவின்ரை செருப்பு! மனிசி இப்ப ஒற்றைச் செருப்போடை வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கும்." வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒன்பது ஐம்பத்தேழுக்கு அவள் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அவள் எனக்கு ஒரு பெட்டி நிறைய, மீன் அடைத்துப் பொரித்த பற்றிஸ் கொண்டுவந்து தந்தாள். பக்கத்தில் நின்ற ஒருவர், "என்ன, கொரியாவிலை கேஸ் வெண்டு குடுத்திட்டியளாம்?" என்று கேட்டார். இன்னும் மேன்முறையீடே அனுப்பவில்லை என்று சொல்லியிருக்கலாம். பெட்டியைத் திறந்து அவருக்கும் ஒன்று கொடுத்தேன். அன்ரன் போயிருக்க வேண்டிய விமானம் அந்த நேரத்தில் வானத்தில் இருந்தது.

திங்கட்கிழமை பின்னேரம் நாலரைக்கு டிலானி வந்தாள். அன்ரன் அனுப்பவேண்டிய மேன்முறையீட்டுடன் அந்தத் தீர்ப்பின் பிரதியையும் இணைப்பது என்று திட்டம். அவள் அந்தச் சிறிய எழுத்து வரியை அழுத்தினாள். ஆவணம் திறந்தது. மேலே போனாள்.

"அஸ்பெத்தா, அங்கிள்," என்றாள். பொறுங்கள் என்பதை அவள் எப்போதும் இத்தாலிய மொழியில்தான் சொல்வாள். "இது தோத்த கேஸ்."

"அடியிலை பார், ரத்துச் செய்யவேணும் எண்டு கிடக்கு."

"அது அடி இல்லை. நடு." விரலால் திரையைத் தொட்டுக் காட்டினாள். நான் வாசித்த பத்திக்கு மேலே ஒரு தலைப்பு இருந்தது: மனுதாரரின் வாதம். அதற்குக் கீழே அலுவலகத்தின் வாதம், பிறகு சட்டம், பிறகு குழுவின் கருத்து. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், தீர்ப்பு: 'மனுதாரரின் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

கொரியர்கள் முடிவை முதலில் எழுதுகிறார்கள். செய்தியை முதல் வரியில் சொல்லிவிட்டு விவரத்துக்குப் போகிறார்கள். நான் ஒன்பது வருடம் திருத்தித் திருத்தி அனுப்பிய செய்திகள் அப்படித்தான் எழுதப்பட்டன. ஒரு நிருபரின் தாளைக் கையில் எடுத்தால் அங்கே நான் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது ஆர் சொன்னது? பொலிஸ் சொன்னதா, கடைக்காரர் சொன்னதா, நிருபரே சொல்கிறாரா? அதைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். தோற்றுப்போன ஒரு தொழிலாளி தன் பக்கத்துக்காகச் சொன்ன வாக்கியத்தை நான் தீர்ப்பென்று வாசித்து, இன்னொரு தொழிலாளியிடம் கொடுத்திருந்தேன்.

இதுவரை சொன்னது பிழை. பிழை எல்லோரும் விடுவது. இனிச் சொல்வது அந்த வகையில் சேராது.

டிலானி தன் தொலைபேசியில் எதையோ தட்டினாள். திரையை என் பக்கம் திருப்பினாள்.

"நாளைக்குப் பின்னேரப் பிளேனிலை இடம் இருக்கு. புதன்கிழமை காலமையும் இருக்கு. இப்பவே எடுத்துச் சொல்லுங்கோ."

"அங்கை இப்ப நடுச்சாமம் பிள்ளை."

"எழுப்பினா என்ன? நித்திரைதானே போகும்."

தொலைபேசியைத் திரும்ப அவள் பக்கம் தள்ளினேன்.  பிறகு நான் சொன்னேன்: "ஜெசிந்தாவுக்கு நான் சொல்லுறன். நீ சொல்லாதை. எனக்கு ஒரு நாள் தா. இவ்வளவு தீர்ப்புக்குள்ளை வெண்ட கேஸ் ஒண்டு கட்டாயம் இருக்கும்."

"ஒரு நாள் எங்களிட்டை இல்லையே அங்கிள்."

"எத்தினை வருசமா இந்த மேசையிலை இருக்கிறன் எண்டு உனக்குத் தெரியுந்தானே?"

டிலானிக்கு இருபத்தாறு வயது. நான் மேசைக்கு வந்தபோது அவள் நாலு வயதுப் பிள்ளை. அவள் தொலைபேசியைப் பையில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நான் கணினிக்கு முன்னால் இருந்தேன். ஒரே கேள்வியை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாக எழுதினேன். இப்போது முழு ஆவணங்களைத் திறந்தேன், எல்லாவற்றையும், முதல் வரியிலிருந்து. மூன்று வழக்குகளில் தொழிலாளி வென்றிருந்தார். ஒருவர் வைத்தியசாலையில் இருந்ததற்குச் சான்று வைத்திருந்தார். ஒருத்திக்கு அந்த மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது. மூன்றாவதில் அலுவலகமே நாளைப் பிழையாக எண்ணியிருந்தது. அன்ரனிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. மதியம் ஜெசிந்தாவின் குரல் பதிவு வந்தது. பின்னணியில் சிஞ்ஞோராவின் தொலைக்காட்சி.

"அண்ணை, அன்ரன் கேக்கிறான், புதுசா ஏதும் இருக்கோ எண்டு. பயப்பிடுறான் போலை. நான் சொன்னனான், அண்ணை பாக்கிறார், நீ சும்மா இரு எண்டு."

'பாத்துக்கொண்டிருக்கிறன்' என்று பதில் எழுதினேன். அது பொய் அல்ல. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தேடுவது வேலை மாதிரியே இருக்கும். அதில் இருக்கும் ஆபத்து அதுதான். கை அசைகிறது, திரை மாறுகிறது, பக்கத்தில் இருப்பவர் உங்களைத் தொந்தரவு செய்யாமல் நடக்கிறார். அந்த இரண்டு நாளும் நான் அன்ரனுக்காக ஒரு தீர்ப்பைத் தேடவில்லை. வெள்ளிக்கிழமை நான் சொன்னது சரிதான் என்று ஆக்கக்கூடிய ஒரு தீர்ப்பைத் தேடினேன். அப்படி ஒன்று கிடைத்திருந்தால் யாருக்கும் ஒன்றும் சொல்லவேண்டி வந்திராது. அவன் செவ்வாய் விமானத்திலோ புதன் விமானத்திலோ ஏறுவதற்கு நான் செய்யவேண்டியிருந்தது ஒரு தொலைபேசி அழைப்பு. ஒரு நிமிடம் போதும். 'தம்பி, நான் பிழை விட்டிட்டன், இண்டைக்கே வெளிக்கிடு.' இதைத் தமிழில் சொல்வதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

புதன்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குக் கொரியாவில் புதன்கிழமை முடிந்தது. நான் திரைக்கு முன்னால்தான் இருந்தேன். எழுந்து கோப்பி போட்டுக் குடித்தேன். துறைமுகத்தில் ஏதோ பெரிய கப்பல் ஊதியது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஜெசிந்தா வந்தாள். இரண்டு காலிலும் ஒரே சோடிச் சப்பாத்து. டிலானி அடுத்த மேசையில் தன் அலுவலக வேலையைச் செய்துகொண்டிருந்தாள். வியாழக்கிழமைகளில் அவள் எங்கள் அறையில் இருந்துதான் வேலை செய்வாள். நான் ஜெசிந்தாவை இருக்கச் சொன்னேன். அந்த வழக்கு வென்ற வழக்கு அல்ல, தோற்ற வழக்கு என்று சொன்னேன்.

அவள் முகத்தில் உடனே ஒரு மாற்றமும் இல்லை. "ஆனா நீங்கள் வாசிச்சனீங்கள்தானே அண்ணை?"

"தேடுற கருவி பிழையாக் காட்டிப்போட்டுது," என்றேன்.

ஜெசிந்தா டிலானியின் பக்கம் திரும்பினாள். "பிள்ளை, நீதானே உதைக் கொண்டந்து பூட்டினது? உதை நம்பி எங்கடை ஆக்களின்ரை சீவியத்தை வைக்கலாமோ?"

டிலானி என்னைப் பார்த்தாள். நான் மேசையில் இருந்த தாள்களின் ஓரங்களை ஒன்றாகத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தேன். எத்தனை தாள் என்றுகூட நினைவிருக்கிறது. ஆறு.

"சொறி அன்ரி," என்றாள் டிலானி.

ஜெசிந்தா மறுபடி என்னிடம் வந்தாள். "எப்ப கண்டனீங்கள் அண்ணை?"

"இண்டைக்குக் காலமை."

அவள் தலையை ஆட்டினாள். கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய் மழைத் தூவானத்தில் நின்று தம்பியுடன் கதைத்தாள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. என்ன கதைத்தாள் என்று கேட்கவில்லை. ஒரு தடவை கையை நெற்றியில் வைத்தாள்.

அன்ரன் அடுத்த நாள் தானாகவே குடிவரவு அலுவலகத்துக்குப் போனான். உத்தரவை மீறியவர் என்ற வகையில் அவனைச் சேர்த்தார்கள். வெளியேற்றம், ஐந்து வருடத் தடை. அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் நடந்தாராம். ஒன்றே ஒன்று கேட்டாராம்: புதன்கிழமை வரை நாள் இருந்ததே, ஏன் போகவில்லை? இதை அன்ரன் அக்காவுக்குச் சொல்ல, அக்கா எனக்குச் சொன்னாள். அவள் அதில் எந்தக் குத்தலும் வைக்கவில்லை. அவன் அனுப்பியிருந்த மேன்முறையீட்டுக்குச் சில மாதம் கழித்துப் பதில் வந்தது. டிலானி முதல் வரியை வாசித்துவிட்டு மூடினாள்.

அந்த வியாழக்கிழமை அறையைப் பூட்டிவிட்டு நானும் டிலானியும் வியா மக்வேதா வழியே நடந்தோம். உல்லாசப் பயணிகளை ஏற்றிய மூன்றுசில்லு வண்டிகள் பாட்டுப் போட்டபடி எங்களை விலத்திப் போயின. மத்திய ரயில் நிலையத்துக்குப் போகும் திருப்பத்தில் அவள் நின்றாள்.

"அங்கிள், திங்கக்கிழமை நான் ஜெசிந்தா அன்ரிக்கு எடுத்திருக்க வேணும். எடுக்காதது என்ரை பிழை."

நான், "உன்னிலை பிழை இல்லை," என்று தொடங்கினேன்.

"என்ரை பிழையை நான் சொல்லிப்போட்டன்," என்றாள். "மற்றதெல்லாம் உங்கடை." பேருந்து வந்தது. அவள் ஏறிவிட்டாள்.

அவள் மேசைக்கு வருவதை நிறுத்துவாள் என்று நினைத்தேன். சனிக்கிழமை வந்தாள். என்னுடன் கதைக்கவில்லை. இரண்டு மணி நேரம் கணினியில் இருந்தாள். நீங்கள் இப்போது அந்தக் கருவியில் எதைத் தேடினாலும், பத்தி வருவதற்கு முன் திரையின் உச்சியில் தீர்ப்பின் முதல் வரி பெரிய எழுத்தில் வருகிறது. அதற்குக் கீழே, பத்தியின் தலையில், அது யாருடைய வாதம் என்று சிவப்பில் வருகிறது. அதை மூடவும் முடியாது. ஏன் அது எரிச்சலூட்டும் அளவுக்குப் பெரிதாக இருக்கிறது என்று உங்களில் ஒருவர் கேட்டதாக டிலானி சொன்னாள். அந்தச் சனிக்கிழமை அவள் செய்தது அது. மஞ்சள் ஒட்டுத்தாளைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

ஆனால் அவள் திருத்தியது கருவியை. வெள்ளிக்கிழமையை மட்டும்தான் அது தடுக்கும். திங்கட்கிழமையைத் தடுக்கும் கருவி இல்லை. நீங்களும் ஒருநாள் பிழை விடுவீர்கள். உங்களை நம்பி ஒருவர் ஒரு நாட்டில் நிற்பார், அல்லது ஒரு நாட்டை விடுவார். பிழை தெரிந்த நேரத்தில் உங்கள் கை விசைப்பலகைக்குப் போகும். அதை எடுத்துத் தொலைபேசியில் வையுங்கள். அங்கே நடுச்சாமமாக இருந்தாலும் எழுப்புங்கள். டிலானி சொன்னதற்கு மேல் எனக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை. நித்திரைதானே போகும்.

நான் ஓய்வுபெற்ற நாளில் மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். நாற்பது பேர் அளவில் வந்தார்கள். ஜெசிந்தாவும் வந்தாள். வர்ணத்தாள் சுற்றிய ஒரு பொதியைத் தந்து, இப்போதே பிரிக்கவேண்டும் என்றாள். உள்ளே ஒரு சோடி நீலச் செருப்பு.

"இனி வீட்டிலைதானே இருக்கப்போறியள்," என்றாள். "ரெண்டு காலுக்கும் இருக்கு அண்ணை, எண்ணிப் பாத்திட்டன்."

எல்லோரும் சிரித்தார்கள். கதை தெரியாதவர்களுக்கு அவளே அந்தக் காலைக் கதையைச் சொன்னாள், மழை, சாவி, சிஞ்ஞோராவின் செருப்பு எல்லாம். தம்பி விடயத்தில் அண்ணை எவ்வளவு பாடுபட்டார் என்றும் சொன்னாள். மூன்று நாள் கணினிக்கு முன்னால் இருந்தாராம், சாப்பிடக்கூட இல்லையாம். நான் நன்றி சொல்லிச் செருப்பை வாங்கிக்கொண்டேன். டிலானி மண்டபத்தின் மறுமூலையில் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் அந்தச் செருப்பு பெட்டிக்குள் இருந்தது. பிறகு ஒரு காலையில் வியா ரோமாவுக்குப் போய், கட்டடத்தின் கீழே நின்று மணியை அழுத்தினேன். ஜெசிந்தா கீழே இறங்கி வந்தாள், ஏப்ரனுடன், அதே சாவிக்கொத்துடன்.

"என்ன அண்ணை, உடம்புக்கு ஏதுமோ?"

"இல்லை. ஒரு விசயம் சொல்லவேணும். கருவி பிழை விடேல்லை. நான் முழுக்க வாசிக்கேல்லை. அதை நான் கண்டது வியாழக்கிழமை இல்லை. திங்கக்கிழமை பின்னேரம். டிலானி அப்பவே சொல்லச் சொன்னவள். நான்தான் மறிச்சனான்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு ஸ்கூட்டர் எங்களைக் கடந்து போனது. 

"திங்கக்கிழமை பாக்கேக்கை பிளேனிலை இடம் இருந்ததோ?" என்று கேட்டாள்.

"செவ்வாய்க்கு இருந்தது. புதனுக்கும் இருந்தது."

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"ஓம். டிலானி காட்டினவள்."

"அவளை நான் ஏசிப்போட்டனே," என்றாள் ஜெசிந்தா.

மேலே நான்காம் மாடி யன்னலில் இருந்து சிஞ்ஞோரா அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஜெசிந்தா அண்ணாந்து பார்த்து, வருகிறேன் என்று இத்தாலிய மொழியில் பதில் சொன்னாள். என்னிடம், "மருந்து குடுக்கிற நேரம். நான் போறன்," என்றாள். அண்ணை என்று சொல்லவில்லை. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கொரிய வேலைக்கு விண்ணப்பிப்பதற்கு வயதெல்லை முப்பத்தொன்பது. ஐந்து வருடத் தடையோடு வெளியேற்றப்பட்ட அன்று அன்ரனுக்கு முப்பத்தாறு வயது.